கேமராவுக்கு முதுகைக் காட்டியவர்

அந்தப் பெண் தனியாகத்தான் போகிறாள் என்பதை அண்ணி ஒருநாளும் நம்பவில்லை.

அண்ணி என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அக்காவை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டு பேருக்கும் ஒரே இறால் கொட்டகையில் வேலை. படகில் வந்த இறாலைத் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டால் பிற்பகலில் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கும். அப்போது என் போனை ஐஸ் பெட்டியின் மேல் சாய்த்து வைத்து வீடியோ பார்ப்போம். ஈர விரலுக்குப் போன் கட்டுப்படாது. அண்ணி கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துவிட்டு விரல் முட்டியால் தட்டுவார்.

அந்தப் பெண்ணுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. இரண்டு பக்கமும் பெட்டி கட்டிய பெரிய பைக்கில் குஜராத்தில் கிளம்பி, இந்தியாவின் கடலோரம் முழுக்கச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வீடியோவிலும் ஒரு தடவையாவது, "நான் மட்டுந்தானுங்க, கூட யாருமில்லைங்க" என்பாள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணி படத்தை நிறுத்துவார்.

"இத்த ஏன் தெனம் சொல்றா? தனியா போறவ சொல்லிகினா போவா?"

"பாக்குறவங்களுக்குத் தெரியணும்ல அண்ணி."

"சரி. தோ, அவ பாட்டுக்கு வளைவுல திரும்பிப் போயிட்டா. அவ போறத படம் புடிக்கிறது யாரு?"

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுப் போவாள், அப்புறம் திரும்பி வந்து எடுத்துக்கொள்வாள் என்று நான் சொன்னேன்.

"போன தூரத்த மறுபடி வருவாளா? அவ்ளோ பைத்தியமா?"

எனக்கும் அந்தச் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. முதலில் நான் மலையையும் கடலையும் பார்க்கத்தான் அந்த வீடியோக்களைப் போட்டேன். பிறகு அண்ணியோடு சேர்ந்து மேஜையில் எத்தனை டம்ளர் இருக்கிறது, தரையில் யார் நிழல் விழுகிறது என்று தேட ஆரம்பித்தேன். கோவாவில் ஓர் அறையில் இருமல் சத்தம் கேட்டது. அவள் இருமினாளா, வேறு யாராவதா என்று அன்றைக்கு முழுக்கப் பேசினோம். கன்னியாகுமரியில் ஈரத் துண்டுகள் இரண்டு காய்ந்தன. "ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு துண்டு?" என்றார் அண்ணி. ஒன்று தலைக்கு என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அண்ணி இப்படிப் பார்க்கப் பழகியது இந்த வீடியோக்களில் அல்ல. அண்ணன், அதாவது அண்ணியின் வீட்டுக்காரர், போன மழைக்காலம் முடிந்ததும் நெல்லூர்ப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் காவல் வேலை என்று போயிருந்தார். முகத்துவாரம் தூர்ந்து ஏரியில் மீன் குறைந்துபோன வருஷம் அது. அவர் படகும் பலகை விட்டுக் கிடந்தது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டதால் அண்ணி வீட்டில் தனியாக இருந்தார். சாயங்காலம் அண்ணன் வீடியோவில் கூப்பிடுவார். அவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைச் சுவர் மட்டும் இருக்கும்.

"குட்டையக் காட்டேன், பாக்கலாம்" என்பார் அண்ணி.

"அங்க டவர் கெடைக்காது."

ஒருமுறை ஒரு பண்ணைக் குட்டையின் படத்தை அனுப்பினார். தண்ணீரைக் கலக்கும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணி அதைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, என்னிடம் நீட்டினார். "இது அவரு எடுத்த படம் இல்லடி. அவரு எடுத்தா வெரல் மறைக்கும்." இன்னொரு நாள் அவர் சட்டைக் காலர் துவைத்து மடிப்புக் கலையாமல் இருந்ததைப் பிடித்துக்கொண்டார். "யாரோ ஒருத்தி கீறா. வேற இன்னா?" அழவில்லை. இறாலின் தலையைக் கிள்ளிப் போடுவதுபோலச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றேன். போனால் தெரிந்துவிடுமே என்றார்.

அந்தப் பெண் மாமல்லபுரம், சென்னை என்று மேலே ஏறி வந்தாள். அவள் போன இடம் ஒரு வாரம் கழித்துத்தான் வீடியோவாக வரும். எங்கள் ஏரியை நாங்கள் போனில் பார்த்தபோது அவள் ஆந்திராவுக்குள் எங்கோ போயிருந்தாள். பாலத்தைத் தாண்டி வந்து, கலங்கரை விளக்கத்தைக் காட்டி, பறவை சீசன் முடிந்துவிட்டதாம் என்று வருத்தப்பட்டாள். அவள் பறக்கவிட்ட ட்ரோனில் எங்கள் ஊர் மேலிருந்து பார்க்கச் சின்னதாக, சுத்தமாக இருந்தது. ஒரு கட்டத்தில் படம் சட்டென்று தாவியது.

எனக்கு அதன் காரணம் தெரியும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து எங்கள் பக்கம் யார் கேமராவைத் தூக்கினாலும் சர்வே எடுக்க வந்தவர்கள் என்றுதான் நினைப்பார்கள். ஹெல்மெட் போட்ட பெண் ஒருத்தி ட்ரோன் விட்டாள், நிறுத்தி விசாரித்து அனுப்பினோம் என்று கொட்டகையில் ஆண்கள் பேசிக்கொண்டது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதை அவள் வீடியோவில் வெட்டியிருந்தாள்.

"இத்த வெட்டுனவ வேற எத்தெல்லாம் வெட்டினாளோ" என்றார் அண்ணி. "மொதல்லேர்ந்து போடு."

முதலிலிருந்து போட்டேன். எங்கள் ஊருக்கு வருவதற்கு முன்னால் காட்டுப்பள்ளிப் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புழுதியில் வந்து ஒரு டீக்கடையில் இறங்கினாள். கேமராவைக் கொஞ்ச தூரத்தில் வைத்துவிட்டுக் கடைக்கு நடந்து போனாள். கடை ஓரம் ஒரு கார் நின்றது. அண்ணி முட்டியால் தட்டி நிறுத்தினார். கார்க் கண்ணாடியில் எதிர்ப்பக்கம் தெரிந்தது. ரோட்டோரம் மூன்று கால் ஸ்டாண்டு, அதன் மேல் கேமரா. பின்னால் வெறும் முள்செடி.

"ஆளே இல்லடி" என்றார் அண்ணி. குரலில் சந்தோஷமா ஏமாற்றமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நெசமாவே ஒண்டியாத்தான் போறா."

மறுபடி ஓட விட்டேன். கடையில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட துறைமுகக் கூலிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்துச் சிரித்து, கேமராவைக் காட்டிக் கையசைக்கச் சொன்னாள். எல்லோரும் திரும்பிக் கையசைத்தார்கள். ஒருத்தர் மட்டும் டம்ளரோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இரு, இரு. பின்னால போ."

போனேன். அந்த முதுகு மறுபடி திரும்பியது. வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருந்தது. ஏரியில் வருஷக்கணக்காகக் கழி ஊன்றிப் படகு தள்ளியவர்களில் சிலருக்கு அப்படி ஆகிவிடும். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அண்ணிக்கு அது போதுமாக இருந்தது.

"உங்க அண்ணன்டி" என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டபோது நான் அண்ணியின் பக்கத்தில், படத்தில் விழாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சுவர் வந்தது. அண்ணி சாதாரணமாகக் கேட்டார், "குட்டைக்குத் தீனி போட்டாச்சா?"

"இப்பதான் போட்டேன். நேத்து நல்ல மழ இங்க. தண்ணி கலங்கிப் போச்சு. மொதலாளி வந்து கத்திட்டுப் போனாரு."

அவர் அத்தனை சுலபமாகச் சொன்னார். மழையையும் முதலாளியையும் அந்த நிமிஷத்தில் உண்டாக்கிப் பேசினார். அண்ணி எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினார்.

"சரி, நேரத்தோட துன்னுட்டுப் படு" என்று சொல்லிப் போனை வைத்தார்.

மறுநாள் கொட்டகைக்கு லீவு சொன்னோம். மீஞ்சூரில் அண்ணிக்குக் கண் பரிசோதனை என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மீன் பெட்டி ஏற்றும் மொபெட்டில் அண்ணியைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினேன். அந்த ரோட்டில் லாரி கடந்து போகும்போதெல்லாம் வண்டி ஓரத்துக்கு இழுத்தது. அண்ணி வழி முழுக்க என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தார். தேடிப் போகிற அந்த வெள்ளைச் சுவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். அவளை அடிக்க வேண்டுமா, அண்ணியைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா, தெரியவில்லை.

டீக்கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. டீ வாங்கிக்கொண்டு, எதிரில் புளியமரத்தடியில் நின்றோம். ஷிப்டு விட்டதும் ஆரஞ்சு ஜாக்கெட்டுகள் கூட்டமாக வந்தன. அண்ணன் நடுவில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

"எப்டி வந்த?" என்றார்.

"மொபெட்ல" என்றார் அண்ணி. "நெல்லூரு இவ்ளோ கிட்ட கீதுனு தெரியாமப் போச்சு."

"ஊர்ல சொல்ல முடியுமா, நீயே சொல்லு. போர்ட்டு வேலைக்கு ஒருத்தரும் போவக் கூடாதுனு கூட்டத்துல பேசி வெச்சாங்க. உன் தம்பி மொத வரிசைல உக்காந்துகினு கீறான். நான் இங்க வந்தேன்னு தெரிஞ்சா அவன் மூஞ்சி இன்னா ஆவறது?"

"யாரு கூட கீற?"

"இன்னா?"

"ரூமக் காட்டு."

அவர் முன்னால் நடந்தார். ஒரு வரிசைக் கட்டடத்தில் கடைசி அறை. நாலு ஆண்கள் தங்கும் இடம் என்று பார்த்ததும் தெரிந்தது. நாலு பாய், நாலு பை, ஒரு அடுப்பு. அந்த வெள்ளைச் சுவர் இருந்தது. அண்ணி கதவுக்குப் பின்னால் பார்த்தார். கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக விலக்கினார். அலமாரியில் இருந்த சோப்பை எடுத்து மோந்து பார்த்தார். உள்ளே படுத்திருந்த ஒரு பையன் எழுந்து வெளியே போய்விட்டான்.

"சட்டைய யாரு தொவைக்கிறா?"

"நான்தான். வேற யாரு?"

அண்ணி பாயில் உட்கார்ந்தார். அதுவரை அழாதவர் அங்கே அழுதார். "ஒருத்தி இருந்திருந்தா மயிரப் புடிச்சி இழுத்துட்டுப் போயிருப்பேன். இப்ப நான் யார இன்னா பண்றது?" என்றார். அண்ணன் அவர் பக்கத்தில் உட்காரப் பார்த்து, ஜாக்கெட்டில் எண்ணெய் என்று எட்டியே நின்றார்.

ஒரு முடிவுக்கு வந்துதான் திரும்பினோம். ஊரில் என்ன சொன்னாலும் சரி, இனி வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். "இங்கேர்ந்து எவ்ளோ தூரம்? நானே வந்துட்டேன்" என்றார் அண்ணி. அண்ணன் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் வாசலில் வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணி தன் வீட்டுக்குள் போய்விட்டார். நான் எதிரே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார், எழுந்து கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கை நிற்கவில்லை.

"கஷ்டந்தான். இன்னா பண்றது. பால் டிப்போக்குப் பின்னாடி, நாலு பேரு ஒரே ரூம்ல" என்றார்.

நான் பால் டிப்போ பற்றிச் சொல்லவில்லை. எத்தனை பேர் என்றும் சொல்லவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கும் அது புரிந்தது. வலையைக் கீழே போட்டார்.

"ரூமு பாத்துக் குடுத்தது நான்தான்" என்றார்.

"நீங்க போராட்டத்துல முன்னால உக்காந்துகினு அவர அங்க அனுப்பினீங்களா?"

"போர்ட்டு பெருசாவக் கூடாது. அதுக்கு உக்காந்தேன். மாமா வூட்ல அடுப்பெரியணும். அதுக்கு அனுப்பினேன். ரெண்டும் நெசந்தான்."

"உங்க அக்கா தெனம் அந்தச் சொவத்தப் பாத்துப் பாத்துச் செத்தாங்களே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

அவர் எழுந்து கை கழுவப் போனார். இந்த மனிதர் இத்தனை நாள் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, அக்கா புலம்பியதை நான் சொல்லச் சொல்ல, ஒன்றும் தெரியாதவர்போல "ஐயோ பாவம்" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் ஏரிக்குப் போகிறேன் என்றால்கூட, கழியை எடுத்துக்கொண்டு போகிறாரா என்று என் கண் தானாகப் பார்க்கிறது.

அண்ணன் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. முதல் வாரம் எங்கள் ஊர் டீக்கடையில் அவரோடு யாரும் பேசவில்லை. பிறகு கூட்டத்தில் கேட்டார்கள். அண்ணியே எழுந்து, "ஏரில மீனு வந்தா அவரு ஏரிக்கே வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரத்திலேயே குஜராத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த வேறு இரண்டு பேரும் சாயங்காலமானால் வீட்டில் தென்பட்டார்கள். இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை.

தம்பிக்கு எல்லாம் தெரியும் என்பதை அண்ணியிடம் நான் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி என் வீட்டுக்காரரிடம்தான் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு, நாளைக்கு என்கிறார். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டில் நண்டுக் குழம்பு. வாசனை எங்கள் வீடு வரை வந்தது. நண்டு வைக்கும் நாளில் தம்பிக்கென்று ஒரு கிண்ணம் தனியாக வரும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் சோற்றைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கிண்ணம் வரவில்லை. கடைசியில் மோர் ஊற்றிக்கொண்டார்.