பெயர்ப்பட்டியலைக் காத்த செல்வராணி

செல்வராணி இறந்துவிட்டார் என்ற செய்தி செம்பூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது வந்தது. நம் கணினிப் பிரிவின் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். பத்தே நிமிடத்தில் அதன் கீழே குவிந்த அஞ்சலிகளைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நான் போனால் இத்தனை பேர் எழுதுவார்களா என்றுதான் தோன்றியது. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்துப் பயனில்லை.

அவர் தாராவியில் வளர்ந்தவர்; அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. நான் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் போகும் குடும்பம். வேலையில் அவருக்கு ஆறு வருடம் மூத்தவன். அவர் சேர்ந்த இரண்டாம் மாதமே, சந்தேகம் கேட்க வருகிறவர்கள் என் மேஜையைத் தாண்டி அவரிடம் போனார்கள்.

நம் நிறுவனத்துக் கோப்புகள் பல கணினிகளில் பரவிக் கிடந்தன. யார் எந்தக் குழுவில் இருக்கிறார் என்ற பெயர்ப்பட்டியலைப் பார்த்துத்தான் எந்தக் கோப்பும் ஒருவருக்குத் திறக்கும். அந்தப் பட்டியலின் நகல் டிராம்பே, செம்பூர், வாஷி மூன்று இடத்திலும் இருந்தது. அதில் ஒரு பெயரை மாற்ற வேண்டுமானால் மூன்றில் இரண்டு இயந்திரமாவது ஒத்துப்போக வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் வாஷி இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. மற்ற இரண்டும் ஒத்துப்போகாததால் எந்த மாற்றமும் ஏறவில்லை. செம்பூர் இயந்திரத்தின் கடிகாரம் பிந்தி ஓடுவதால்தான் இரண்டும் ஒத்துப்போகவில்லை, அதைச் சரிசெய்தால் போதும் என்றார் செல்வராணி. பட்டியலே கெட்டுவிட்டது, மூன்று வாரத்துக்கு முந்தைய பழைய நகலைப் போடுவோம் என்றேன் நான்.

"போடலாம் சார். ஆனா இந்த மூணு வாரத்துல எடுத்த பேரெல்லாம் திரும்ப வந்துரும். பாத்துக்கிடுங்க."

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். அவர் சொன்னார் என்பதால்தான் கேட்கவில்லை. பழைய நகலைப் போட்டு இயந்திரங்களை மறுபடி இயக்கினேன். அதில் கடிகாரமும் தானாகச் சரியானது. மாற்றங்கள் ஏறத் தொடங்கின. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மதியத்துக்குள், மருத்துவப் பிரிவிலிருந்து மாற்றலாகிப் போன ஒருவருக்கு ஊழியர்களின் நோய்க் கோப்புகள் மறுபடி திறந்தன. அதில் ஒரு பெண்ணின் விஷயம் கேன்டீன் வரை வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பட்டியலிலேயே இல்லை. செல்வராணி தினமும் காலையில் பட்டியலை அச்செடுத்து வைப்பவர் என்பது எனக்குத் தெரியாது. அதைப் பார்த்துப் பெயர் பெயராகச் சேர்த்தும் நீக்கியும் நாலு மணிக்குள் சரிசெய்துவிட்டார். பிறகு அந்தப் பெண்ணைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். போக வேண்டியவன் நான்.

மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், "நாங்கள் பழைய நகலைப் போட்டோம்" என்று எழுதினார். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

அடுத்த வருடம் பிரிவுத் தலைவர் பதவிக்கு அவரைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். வேலை தெரியும், நாலு பேர் முன்னால் பேச வராது என்றேன். பதவி எனக்கு வந்தது. ஒரு வாரம் கழித்து என் அறைக்கு வந்தார்.

"எனக்குப் பேச வராதுன்னு சொன்னீங்களாமே சார். எங்கிட்ட ஒரு வாட்டி கேட்டுருக்கலாம்."

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அன்றைய வேலையைச் சொல்லிவிட்டுப் போனார். அதன் பின் பதினோரு வருடம் அவரோடு வேலை பார்த்தேன். அவர் அதை மறந்திருக்க மாட்டார், வீட்டில் சொல்லிப் புலம்புவார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில் ஒரு திருப்தியும் இருந்தது.

காரியத்தன்று தாராவிக்குப் போனேன். என் பெயரைச் சொன்னதும் அவர் கணவர் யோசித்தார். ஆபீஸ் ஆட்கள் பலரைப் பற்றி மனைவி பேசியதுண்டு என்றார். பிறகு தயங்கி, "ஒங்களத் தெரியலயே சார். நீங்க எந்த செக்ஷன்?" என்று கேட்டார்.

பிரிவுத் தலைவர் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவங்ககூட வேலை பாத்தவன்," என்றேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஓர் உறவை மட்டும்தான்.