கட்டுகஸ்தோட்டைக்குப் போன பி.ஏ. தாத்தாமார்

பட்டம் கையில் வந்ததோடு படிப்புத் தொலைந்தது என்று நினைத்திருந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பி.ஏ. எடுத்த பெண்ணை என்ன செய்வதென்று எங்கள் யாழ்ப்பாணத்தில் யாருக்கும் தெரியவில்லை. பேசி வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் என்னைவிடக் குறைவாகப் படித்திருந்தார்கள், அல்லது அப்படித் தெரிந்துவிடுமோ என்று பயந்தார்கள். இன்னும் ஒரு வருடம் எங்காவது இருந்து படிக்கட்டும், அதற்குள் ஒரு சம்பந்தம் தகையாமலா போகும் என்று என் தகப்பனார் முடிவுகட்டி, கண்டிக்கு வெளியே ஒரு மலைச்சரிவில் இருந்த மிஷன் பயிற்சிக் கல்லூரிக்கு என்னை அனுப்பினார். பட்டதாரிகளுக்கான ஆசிரியப் பயிற்சி. அதாவது, பட்டம் பெற்ற பிறகு கரும்பலகை முன் நின்று வெண்கட்டி பிடிக்கப் பழகுவது.

அந்த வருடம் பட்டதாரி மாணவிகள் இரண்டே பேர்தான். மற்றப் பெண்கள் பள்ளிக்கூடப் படிப்போடு நேரே பயிற்சிக்கு வந்தவர்கள். நாங்கள் நடந்தால் அவர்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். முதல் வாரம் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பிறகுதான் விளங்கியது. முதல் நாள் காலை ஜெபத்தின்போது எங்கள் இருவரையும் எழுப்பி நிறுத்தி, இவர்களைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று விடுதித் தலைவி சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு எந்தப் பெண்தான் எங்களோடு சிநேகமாக வருவாள்?

அந்தத் தலைவி ஓர் ஆங்கிலேய மிஸ்ஸியம்மா. நெடிய உருவம், நல்ல மனசு. எங்களுக்குக் குழந்தை உளவியல் படிப்பித்தார். குழந்தைகளை அவருக்குப் பிடிக்காது. எங்கள் இருவரையும் ஒரே அறையில் விட்டவரும் அவர்தான். இரண்டு பேரும் தமிழர், இரண்டு பேரும் பி.ஏ., வேறென்ன வேண்டும் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

மற்றவள் வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகள். சென்னையில் போய்ப் படித்தவள். நான் பெட்டியோடு அறைக்குள் நுழைந்தபோது, "வாங்க, உக்காருங்க" என்று எழுந்து நின்றாள், ஏதோ அவளுடைய வீட்டுக்கு நான் விருந்துக்கு வந்ததுபோல. "ஓம், நீரும் இரும்" என்றேன். அவள் இருக்கவில்லை. அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். 'நீர்' என்றதும் கூத்து மேடையில் ராசா மந்திரியைக் கூப்பிட்டது போல இருந்ததாம். இதைப் பின்னாளில்தான் சொன்னாள்.

அதைவிடப் பெரிய இடி ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. மிஷன் கோயிலுக்குப் போக எல்லாரும் வரிசையில் நின்றோம். அவளை மட்டும் காணவில்லை. நான் தாழ்வாரத்திலிருந்தே, நாலு பேர் கேட்க, "வெளிக்கிட்டாச்சோ?" என்று குரல் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் வெளிக்கிடுவதென்றால் உடுத்துப் புறப்படுவது. அவளுடைய பக்கத்தில் 'வெளிக்கு' என்று தொடங்கும் எந்தக் காரியத்தையும் ஒரு பெண் இன்னொருத்தியிடம் தாழ்வாரத்தில் நின்று விசாரிப்பதில்லை. கதவு படாரென்று சாத்தப்பட்டது. அடுத்த ஞாயிறும் நான் அக்கறையாகக் கேட்டேன்.

அதோடு நாங்கள் இங்கிலீசுக்குப் போய்விட்டோம். தயவுசெய்து ஜன்னலைச் சாத்துவீர்களா, மிகவும் நன்றி, இன்று குளிர் சற்று அதிகம் என்று, கவர்னர் மாளிகையில் தேநீர் குடிக்கிறவர்களைப் போல ஒரே அறைக்குள் வாழ்ந்தோம். படிக்கும்போது இரண்டு கதிரைகளையும் எதிரெதிர்ச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டோம்.

ஒருநாள் பின்னேரம் பேய்மழை. அவள் புத்தகத்தை மூடிவைத்து, கதிரையை என் பக்கம் திருப்பித் தமிழில் சொன்னாள்.

"உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

யாழ்ப்பாணத்தில் பேசுவதென்றால் ஏசுவது. முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அதுவும் மரியாதையாக, ஒருத்தி என்னை ஏசப்போவது அதுதான் முதல் தடவை.

"என்னத்துக்குப் பேசப் போறீர்? நான் என்ன செய்தனான்?"

"நீங்க ஒண்ணும் செய்யலியே. சும்மா பேசலாம்னுதான்."

"சும்மாவோ? ஒரு காரணமுமில்லாமல் பேசுவீரோ?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் சற்று இறங்கி, ஏதும் குறையென்றால் ஆறுதலாக இருந்து கதைப்பம் என்றேன். கதை விடுகிற பழக்கம் தனக்கில்லை என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். இப்படியே இரண்டு பட்டதாரிகளும் கொஞ்ச நேரம் முட்டிக்கொண்டு, கடைசியில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து, அது உன் ஊரில் என்ன, இது என் ஊரில் என்ன என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினோம். எல்லாம் முடிந்த பிறகு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில், ஞாயிற்றுக்கிழமை விசாரணை எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். கட்டிலில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மிஸ்ஸியம்மா மேலே வந்து, யாருக்காவது சுகமில்லையா என்று கதவைத் தட்டினார்.

சிநேகமான பிறகுதான் எங்கள் இருவருக்கும் பொதுவான விஷயம் பட்டமல்ல, பசி என்று தெரிந்தது. விடுதியில் அவித்த முட்டைக்கோவா, அவித்த உருளைக்கிழங்கு, அவித்ததா இல்லையா என்று சொல்லமுடியாத வெள்ளையான ஏதோ ஒன்று. உறைப்பு என்பது பாவத்தின் வாசல் என்பது போல ஒரு சமையல். சனிக்கிழமைகளில் வெளியே போக அனுமதி கேட்கலாம். பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் ஆற்றுப் பாலத்தடியில் யானை குளிப்பதைப் பார்க்கவேண்டும் என்று கேட்டோம். இயற்கைப் பாடத்துக்கு உதவும் என்று மிஸ்ஸியம்மா மகிழ்ந்தார்.

பஸ்ஸில் போய் இறங்கி, யானைகளைக் கடமைக்குப் பார்த்தோம். பாலத்துக்குக் கிட்ட ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. அதிலிருந்து வந்த வாசனையில் என் நண்பி அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே முழுக்க ஆண்கள். சேலை கட்டிய இரண்டு பெண்கள் நுழைந்து குந்துகிற இடமல்ல. பக்கத்துக் கடையில் தொங்கிய லாந்தர்களை வாங்கப்போகிறவர்கள் போல வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைக்காரர் வெளியே வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார்.

"உள்ளுக்கு ஆம்பிளைகள். பின்பக்கம் வாங்க புள்ளைகள். ஊட்ல ஆக்கள் ஈக்கிறாங்க."

பின்வீட்டில் அவருடைய மனைவி. எங்களைவிட இளையவள், அதற்குள் மூன்று பிள்ளைகள். "வாங்க தாத்தா, இரிங்க" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். எனக்குக் கிழவன் முகமா என்று யோசித்தேன். அவர்களிடத்தில் தாத்தா என்றால் அக்காவாம். மூன்றாவது தமிழ். இந்த முறை நான் சண்டைக்குப் போகவில்லை, ஏனென்றால் இடியப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் சம்பலும் பாயில் வந்துவிட்டன.

நாங்கள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அவள் இரக்கப்பட்டாள். கலியாணம் முடிக்கவில்லையா என்று கேட்டாள். படிக்கிறோம் என்றோம். எவ்வளவு காலமாக என்றாள். சின்ன வயதிலிருந்து என்றோம்.

"இவ்வளவு காலமாயும் பாஸ் பண்ண ஏலாமப் போச்சா?"

"பாஸ் பண்ணிட்டோம்" என்றாள் என் நண்பி, கொஞ்சம் ரோசத்தோடு.

"பொறகு என்னத்துக்கு இன்னம் படிக்கிறீங்க?"

இன்னும் இரண்டு இடியப்பம் போட்டுக்கொண்டோம்.

பிறகு சனிக்கிழமைதோறும் யானை பார்க்கப் போனோம். நோன்புப் பெருநாள் வந்தது. கடைக்காரர் வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக, ஒரு பெரிய கோப்பை வட்டிலப்பத்தைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு எங்கள் விடுதி வாசலுக்கே வந்துவிட்டார். எங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. "எங்கட ஊட்டுக்கு வார பி.ஏ. தாத்தாமாருக்கு" என்று சொல்லி, மிஸ்ஸியம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

மிஸ்ஸியம்மா எங்களைக் கூப்பிட்டார். மேசையில் கோப்பை. இது யானைகள் அனுப்பியதா என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். என் நண்பிதான் துணிந்து, வைத்திருந்தால் கெட்டுப்போகும், கொஞ்சம் ருசி பாருங்கள் என்றாள். விசாரணைக்கு உதவும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கரண்டி எடுத்தார். உடனே இன்னொரு கரண்டி. கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து அவருடைய முகத்தை என்னவோ செய்தன. பிறகு குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, அந்த வீட்டைத் தானே வந்து பார்த்தாக வேண்டும் என்றார்.

வந்தார். அந்த நெடிய உடம்பை மடக்கிப் பாயில் இருத்தப் பெரும்பாடு பட்டோம். கையால் சாப்பிட முயன்று வாய், நாடியெல்லாம் குழம்பு. வீட்டுக்காரி கடைசிப் பிள்ளைக்கு வாய் துடைத்த துணியாலேயே மிஸ்ஸியம்மாவுக்கும் துடைத்துவிட்டாள். அவர் மறுக்கவில்லை. அந்தக் குழந்தையைக் கொஞ்ச நேரம் மடியில்கூட வைத்திருந்தார், பயத்தோடுதான். அதன் பிறகு எங்கள் சனிக்கிழமைப் பயணம் 'இல்லற வாழ்வு பற்றிய நேரடி ஆய்வு' ஆகிவிட்டது. ஆய்வென்றதும் மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சகன் என்கிற ஒரே பெரிய தட்டில் கை போட்டுச் சாப்பிட்டவளுக்கு யாரும் வழிவிட்டு ஒதுங்குவதில்லை.

பயிற்சி முடிந்தது. எனக்கு ஒரு சம்பந்தமும் தகையவில்லை. கண்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் வேலை கிடைத்தது. தனியாக இரண்டு பெண்கள் வீடெடுப்பதா என்று இரண்டு தகப்பன்மாரும் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டோம். கூரை ஒழுகும் வீடு. முதல் விருந்தாளி கட்டுகஸ்தோட்டைக்காரிதான், இப்போது நான்கு பிள்ளைகளோடு. குசினியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தத் தாத்தாமாருக்கு அடுப்பு மூட்டக்கூடத் தெரியாது என்று சொல்லி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களை வெளியே போய் இருக்கச் சொன்னாள். நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் இருந்தோம்.