ஒரு ஆளுக்கு எத்தனை இன்ச் புகைபோக்கி?

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஓசூரில் ஒரு வீடு எரியப் பார்த்தது. என் வீடுதான். கொளுத்தப் பார்த்ததும் நான்தான்!

விஷயம் நாலு மாதத்துக்கு முன்னால் ஆரம்பிக்கிறது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சமையல் என் தலையில் விழுந்தது. கேஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறோம்... சரி, காத்திருக்கிறேன். அதுவரை விறகடுப்புதான். அதன் சிமென்ட் புகைபோக்கி விரிசல் விட்டுவிட்டது என்று எதிர்வீட்டுக் கொத்தனார் முனிராஜைக் கூப்பிட்டேன்.

"நாலு இன்ச் பைப்பு வாங்கியாங்க சார்" என்றார்.

நான் யார்? கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். வெர்னியர் அளவுகோல் இல்லாமல் வெண்டைக்காய்கூட வாங்காதவன். யோசித்தேன். நாலு இன்ச் என்பது குடும்பத்துக்குச் சமைக்கிற அடுப்புக்கு. ஒரு பிடி அரிசி, ஒரு கரண்டி ரசம் — இதற்கு எதற்கு அவ்வளவு பெரிய ஓட்டை? அனலெல்லாம் வீணாக மேலே போகாதா? கம்பெனி ஸ்கிராப்பில் கிடந்த இரண்டு இன்ச் இரும்பு பைப்பைக் கேட்டு வாங்கி வந்தேன்.

"பேடா சார், வேணாம்... பொகை அடைச்சிக்கும்" என்று முனிராஜ் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார்.

"ஒருத்தனுக்கு இது போதும்ப்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை நல்ல பனி. கடையில் வாங்கிய தைலமரக் கட்டை வேறு ஈரம். புகைந்து தொலைக்கிறதே என்று காய்ந்த தென்னை ஓலையை இரண்டு கை திணித்தேன். பைப்புக்குள் லாரி மேடேறுகிற மாதிரி ஒரு உறுமல்! நாலு மாதக் கரி உள்ளே பற்றிக்கொண்டது. பைப் சிவந்தது. ஓட்டுக்குக் கீழே இருந்த மூங்கில் புகைய ஆரம்பித்தது. குடத்தைத் தூக்கிவிட்டேன். யாரைக் கூப்பிடுவது? வாயில் வந்தது அவள் பெயர்தான்.

"அடுப்புல ஊத்தாதீங்க சார்! ஆவி மூஞ்சில அடிச்சிரும்!"

பைப் முனையில் தீயைப் பார்த்து முனிராஜ் ஓடி வந்திருக்கிறார். கட்டைகளை இழுத்து வெளியே போட்டார். ஈரச் சாக்கால் அடுப்பு வாயை அடைத்தார். காற்றில்லாமல் உள்ளே நெருப்பு அடங்கியது. குடத்துத் தண்ணீர் மொத்தத்தையும் மூங்கில் மேல் வீசினோம்.

மறுநாள் பைப்பைக் கழற்றினால், உள்ளே சுண்டுவிரல் நுழைய இடமில்லை.

"எத்தினி பேரு சாப்புடறாங்கன்னு நெருப்புக்குத் தெரியுமா சார்? அடுப்பு வாய்க்குத் தக்கனதான் பைப்பு. மாசம் ஒருக்கா துணியக் கட்டி இழுத்துக் கரிய எடுக்கணும். மூங்கில் கிட்ட ஒரு சாண் எடம் உட்டிருக்கணும், அது என் தப்புதான்" என்றார்.

நாலு இன்ச் பைப் ஏறிவிட்டது. கை கழுவும்போது முனிராஜ் கேட்டார்: "நாலு மாசமா வூடெல்லாம் பொகை சுத்தியிருக்கும். கண்ணு எரிஞ்சி தண்ணியா ஊத்தியிருக்குமே, அப்பக்கூடவா சார் தெரியல?"

ஊற்றத்தான் செய்தது. அடுப்பு முன்னால் உட்கார்ந்தபோதெல்லாம், தினமும்.

அது புகையால் என்று எனக்குத் தோன்றவே இல்லை.