மூணாம் பக்கத்தில் நின்ற மாமனார்

மருமகளிடம் அவர் ஒன்றரை லட்சம் கடன்பட்டிருந்தார்.

ஒற்றை ஸ்பேனரோடு தண்ணீர் பம்ப் பழுதுபார்க்கத் தொடங்கி, ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் பட்டறையாக வளர்த்த மனிதர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு. "எவன்கிட்டயும் கை நீட்டினதில்ல" என்று தெருவெல்லாம் மார்தட்டுவார். பொய்யில்லை. எவனிடமும் நீட்டவில்லைதான். பட்டறை தீப்பிடித்து லேத் மெஷின் கரிக்கட்டையாகக் கிடந்த அன்று, கேட்காமலே தன் சேமிப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தவள் மருமகள். "முடியறப்போ குடுங்க மாமா" என்றதோடு சரி. மூன்று வருடத்தில் அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. அவரும் முடிந்தபோதெல்லாம் கொடுத்துவந்தார். மீதி ஒன்பதாயிரம். 'நன்றி' என்ற ஒரு சொல் மட்டும் அந்த வாயிலிருந்து வரவே இல்லை. தற்பெருமைக்குத் திறந்த வாய், அதற்கு மட்டும் பூட்டிக்கொண்டது.

மருமகள் வேலை பார்த்தது பணம் கட்டும் கம்ப்யூட்டர் கருவி ஒன்றைச் செய்யும் கம்பெனியில். 'இந்த மாச வாடகையைக் கட்டிடு' என்று கடைக்காரர் சொன்னால், ஏஐ ஏஜென்ட் என்கிற கம்ப்யூட்டர் வேலையாள் அந்தக் கருவியை எடுத்துத் தானே கட்டிவிடும். கருவியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று அந்த ஏஜென்டுக்குச் சொல்லும் கையேட்டை எழுதுவது இவள் பொறுப்பு. முப்பது பக்கம். மனிதன் படிக்க அல்ல, மெஷின் படிக்க.

சோதனை ஓட்டத்தில் இருபது தடவை ஒழுங்காகக் கட்டிய ஏஜென்ட், இருபத்தோராவது தடவை ஒரே வாடகையை இரண்டு முறை கட்டிவிட்டது. கருவியில் கோளாறு இல்லை, கையேட்டில்தான் ஏதோ இருக்கிறது என்றது கம்பெனி. திங்கட்கிழமைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் இவளுடைய ஒப்பந்தம் முடிந்தது.

ஞாயிறு காலை, கண் வீங்கி உட்கார்ந்திருந்தவளைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"உன் புருஷன் படிச்சானா?"

"படிச்சார். எல்லாம் சரியா இருக்குன்னார்."

"அவன் என்னைக்குத்தான் தப்பைப் பார்த்திருக்கான்? இங்க கொண்டா."

"மாமா, இது பம்ப் இல்ல."

"பம்புன்னா ஒரே நிமிஷத்துல சொல்லிடுவேன். இதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும்."

அவள் சிரித்துவிட்டாள். சரி, அவர் ஏஜென்ட், அவள் கருவி. சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். பணத்துக்குத் தீக்குச்சி. அவர் சீட்டில் எழுதித் தீக்குச்சியோடு நீட்டினால், அவள் 'கட்டியாச்சு' என்று பதில் சீட்டு தருவாள். "எழுதியிருக்கிறதை மட்டும்தான் செய்யணும், மாமா. சொந்த மூளை கூடாது."

"அது கொஞ்சம் கஷ்டம். நமக்கு நிறைய இருக்கே."

எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்தார். இரண்டு பக்கம் தாண்ட ஒரு மணி நேரம். மூணாம் பக்கத்தில், வாடகைச் சீட்டையும் நான்கு குச்சியையும் அவள் வாங்கிக்கொண்ட நேரம் பார்த்துப் போன் அடித்தது. பதில் சீட்டு தராமலே எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவள் இடத்தில் இன்னொரு வாடகைச் சீட்டும் இன்னும் நான்கு குச்சியும் இருந்தன.

"என்ன மாமா, மறுபடியும் வெச்சிருக்கீங்க?"

"ஒரு நிமிஷம் ஆச்சு, பதில் இல்ல. 'பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்பவும்.' நீ எழுதினதுதானே?" விரல் அந்த வரியிலேயே இருந்தது. "என் பட்டறையா இருந்தா, முதல் ஸ்பேனர் எங்கடான்னு கேக்காம ரெண்டாவதை எடுத்துக் குடுக்கமாட்டேன். மூளை கூடாதுன்னுட்டியே."

அவள் இரண்டு வாடகைச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பணம் போய்விட்டது, பதில் மட்டும் வரவில்லை. நடந்தது இதுதான்.

"முதல் சீட்டு என்ன ஆச்சுன்னு கேக்க வழியே இல்லையா?"

"இருக்கு மாமா. ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு எண். அந்த எண்ணை வெச்சு, போச்சா இல்லையான்னு கேட்டுக்கலாம். பதினோராம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

"பதினோராம் பக்கம் யாருக்கும்மா தெரியும்? நான் நிக்கறது மூணாம் பக்கத்துல!"

அன்றைக்கே அந்த வரியை அடித்துவிட்டு எழுதினாள்: 'பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்பாதே. அதே எண்ணைக் கொண்டு நிலையைக் கேள். பணம் போகவில்லை என்று உறுதியானால் மட்டும், அதே எண்ணோடு அனுப்பு.' திங்கட்கிழமை கம்பெனியில் வேண்டுமென்றே பதிலை அறுத்து அறுத்துப் பார்த்தார்கள். ஐம்பது தடவை. வாடகை ஐம்பது தடவையும் ஒற்றையாகத்தான் போனது.

ஒப்பந்தம் நீண்டது. மீதிப் பக்கங்களையும் அந்தப் பெரியவரே படித்துக் காட்டட்டும், கூலி தருகிறோம் என்றது கம்பெனி. நான்கு ஞாயிறு படித்தார். "கம்ப்யூட்டர் கம்பெனிக்கே நான்தான் ரிப்பேர் பார்த்தேன்" என்று டீக்கடையில் ஆரம்பித்தால், கேட்பவர்கள் கிளாஸைக் காலி செய்துவிட்டு ஓடுவார்கள். படித்த தங்களுக்கு எழுதாமல் விட்டதும் மனதில் சேர்ந்து தெரிந்துவிடுகிறது, இந்த மனிதருக்கோ எழுதியது மட்டும்தான் தெரிகிறது என்று கம்பெனிக்காரர் ஒருவர் மருமகளிடம் சொன்னாராம். அதைக் கேட்ட நாளிலிருந்து நாலாம் வகுப்பு ஒரு பட்டமாகிவிட்டது.

கூலி ஒன்பதாயிரத்துச் சொச்சம். கைக்கு வந்த சாயங்காலமே சமையலறை வாசலில் போய் நின்றார்.

"கையை நீட்டு."

"எதுக்கு மாமா? ஈரக்கை."

"தொடைச்சுட்டு நீட்டு."

நீட்டினாள். ஐந்நூறு ரூபாய்த் தாள் பதினெட்டு. ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி வைத்தார். பதினேழாவது தாளோடு எண்ணுவதை நிறுத்தினார்.

"அன்னைக்கு நீ வெக்கலைன்னா பட்டறை இல்லம்மா. நான் வளர்ந்தேன் நான் வளர்ந்தேன்னு கத்தறேனே, அதுல பாதி நீ." கையில் மிஞ்சிய தாளைத் திருப்பிப் பார்த்தார். "சொல்லணும்னு இருந்தேன்."

அவள் பதில் பேசவில்லை. விரித்த கையை அப்படியே வைத்திருந்தாள், கண் தளும்ப.

"பாரு, பதில் வரலைன்னா மறுபடியும் குடுக்கமாட்டேன்."

அழுதுகொண்டே சிரித்தாள். "வந்துட்டிருக்கு, மாமா. எண்ணுங்க."

"பதினெட்டு" என்று கடைசித் தாளை அந்த உள்ளங்கையில் வைத்தார்.