குழாய்க்கு இடது பக்கம்

2022 நவம்பர் 15, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. விடாத தூறல். நகராட்சி அலுவலக வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அந்தோணியம்மாள், நான் போட்ட படத்தைச் சட்டத்தோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி, நனையாமல் நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். எங்கள் தெருமுனைச் சுவரோரம் 22 வருடம் இஸ்திரி வண்டி நிறுத்தியவர்.

1. நான் செய்கிற வேலை

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் 31 வருடம் டிராஃப்ட்ஸ்மேன், அளவெடுத்து வரைபடம் போடுகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு லினோ பிரிண்ட். லினோலியத் தகட்டில் கத்தியால் செதுக்கி, மை உருட்டி, காகிதத்தில் ஒற்றி எடுத்து, காய்ந்ததும் ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் கொடுக்க வேண்டும். யாரும் போட்டோ எடுக்காத இடங்கள்தான் என் இடங்கள். பஸ் ஸ்டாண்டின் பின்சுவர், லாஸ்பேட்டையில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு, பெரிய மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற மூலை. மொத்தம் 47 தகடு.

அந்தோணியம்மாள் படம் 32ஆவது. அதில் இருப்பவை மூன்றே: சுவர், குழாய், வண்டியோடு அவர். குழாய்க்கு மேலே சுவரில் 'குடிநீர்' என்று எழுதியிருக்கும். 20 பிரதி போட்டேன். மூன்றாவது பிரதியை அவருக்குக் கொடுத்தேன். பாண்டிச்சேரி வழக்கப்படி என்னை 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். அன்றே கேட்டார்.

"முசியே, நான் அந்தப் பக்கமா நிக்கறேன்? கண்ணாடில பாக்கற மாதிரி இருக்குதே."

"பிரிண்டுன்னா அப்படித்தாம்மா வரும்."

தகட்டில் இருப்பது காகிதத்தில் இடம் வலமாக மாறி விழும். அது வராமலிருக்க, முதலில் டிரேசிங் ஷீட்டில் வரைந்து, அதைத் திருப்பிப்போட்டுத் தகட்டில் ஏற்ற வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. நேரே தகட்டில் வரைந்தேன். எழுத்தை மட்டும் இடவலம் மாற்றிச் செதுக்கி, காகிதத்தில் சரியாக வரும்படி பார்த்துக்கொண்டேன். சுவர் எந்தப் பக்கம் இருந்தால் யாருக்கு என்ன என்று நினைத்தேன்.

பிரதியின் கீழே பென்சிலில் எண், தலைப்பு, கையெழுத்து போடுவது எங்கள் வழக்கம். பழைய டிராஃப்ட்ஸ்மேன் புத்தி, நான் இன்னொரு வரியும் சேர்ப்பேன்: 'நேரில் கண்டது, அளவுப்படி.'

2. ஆதாரம்

தெருமுனையில் சாலை வேலை நடந்தபோது நகராட்சிக்காரர்கள் வண்டிகளை அப்புறப்படுத்தினார்கள். பிறகு அறிவிப்பு வந்தது. குழாய்க்கு இடது பக்கம் நின்ற வண்டிகளுக்குப் புதிய வரிசையில் இடம் உண்டு. வலது பக்கம் நின்றவை வாய்க்கால் சிலாப்பின் மேல் நின்றவை, அவற்றுக்கு இல்லை. அந்தோணியம்மாள் நின்றது இடது பக்கம். ஆனால் ஆதாரம் கேட்டார்கள்.

"எங்கிட்ட ஏது போட்டோ? கரிவண்டிய எவன் புடிப்பான்?" என்றார்.

நான்தான் சொன்னேன். "என் படம் இருக்குல்ல. எடுத்துக்கிட்டு வாங்க, நானும் வர்றேன். போட்டோவை விட அது நம்பகம்."

அதைச் சொல்லும்போது பக்கம் மாறியது எனக்கு நினைவில் இல்லை. இரண்டு வருடத்தில் மறந்திருந்தேன். ஆபீசர் பையைப் பிரித்துப் படத்தை மேஜைமேல் நிமிர்த்திய நொடியில்தான் பார்த்தேன்.

"வண்டி குழாய்க்கு வலப்பக்கம்ல நிக்குது?" என்றார் அவர்.

"சார், பிரிண்டுல பக்கம் மாறிடும்."

"எழுத்து மாறலயே சார். 'குடிநீர்'னு நேரா இருக்கு."

"எழுத்தை மட்டும் நான் திருப்பிச் செதுக்குனேன்."

"கீழ அளவுப்படின்னு எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

அந்தோணியம்மாள் என்னைப் பார்க்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்த் தகட்டைக் கொண்டுவந்தேன். 11.35. தகட்டில் வண்டி இடப்பக்கம் இருக்கிறது, உண்மையான இடத்தில். ஆனால் எழுத்து இடவலம் மாறி இருக்கிறது. போதாததற்கு, 20 பிரதி முடிந்ததும் இனி யாரும் ஒற்றக்கூடாது என்று மூலைக்கு மூலை கோடு கீறிவிடுவது இந்தத் தொழிலின் விதி. நானும் கீறியிருந்தேன், ஆழமாக.

ஆபீசர் விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். கெட்ட மனிதர் இல்லை.

"அடிச்சு ரத்து பண்ணதை எப்படி சார் ஃபைல்ல வைக்கறது? நான் வச்சாலும் மேல கேப்பாங்க."

3. பிறகு

டிசம்பரில் பட்டியல் வந்தது. 14 பெயர். இரண்டு முறை எண்ணினேன். அந்தோணியம்மாள் இல்லை. இப்போது அவர் வண்டி இல்லாமல், வீடு வீடாகப் போய்த் துணி வாங்கித் தன் வீட்டில் தேய்க்கிறார்.

ஒருநாள் படத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். உள்ளே வரவில்லை.

"நீங்களே வச்சுக்குங்க முசியே. அதுல நிக்கறது நான் இல்ல. நான் நின்ன பக்கம் காலியா கெடக்குது."

நான் கொடுத்த பணத்தையும் வாங்கவில்லை. "தேய்க்கத் துணி இருந்தா குடுங்க" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. முதலில் டிரேசிங் ஷீட் போடுங்கள். திருப்புங்கள். பிறகு செதுக்குங்கள். அதைச் செய்யாத வரை 'அளவுப்படி' என்று எழுதாதீர்கள்.

விற்றிருந்த 16 பிரதிகளைத் திரும்ப வாங்க அலைந்தேன். 13 கிடைத்தன, கிழித்துவிட்டேன். மூன்று இன்னும் யார் வீட்டுச் சுவரிலோ பொய் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அன்று நான் மிச்சம் பிடித்தது ஒரு டிரேசிங் ஷீட், எட்டு ரூபாய். பிரதிகள், ஆட்டோ, தபால் எல்லாம் சேர்த்து இதுவரை ஆன செலவு 9,340 ரூபாய்.