கைதட்டாத கச்சேரி

இன்று மாலை கரமனையில், தோழி வீட்டுக் கூடத்தில் கச்சேரி.

தனி ஆவர்த்தனம் முடிந்ததும் பலமாகக் கைதட்டினேன். நான் மட்டும்தான்.

முன்வரிசையில் இருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள்.

பக்கத்து மாமி என் கையைப் பிடித்தாள். "மீனாவுக்கு மிருதங்கம்னா உயிராக்கும். கைதட்டினா மட்டும் தாங்காது, கேட்டேளா? முன்னெல்லாம் பாதியிலேயே எழுந்து ஓடிடுவா. இப்போ மங்களம் வரைக்கும் இருக்கா."

திரும்பிப் பார்த்தேன். கூடம் முழுக்கக் கைகள் உயர்ந்து, விரல்கள் சத்தமே இல்லாமல் அசைந்துகொண்டிருந்தன. மிருதங்கக்காரர் கும்பிட்டார்.

மெல்ல நிமிர்ந்த மீனாவும் கையை உயர்த்தினாள்.

எனக்குப் புல்லரித்துவிட்டது.

செல்போனை அணைக்கச் சொன்னாலே காதில் வாங்காத நம் சபாக்களில் இது நடக்குமா? சொல்லுங்கள்.