தே தாரேக்கோடு விழுங்கிய மாத்திரை

தைராய்டு சுரப்பியை அறுவை சிகிச்சையில் எடுத்த பிறகு எனக்கு எப்போதும் குளிர், எப்போதும் தூக்கம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகும் ரயிலில் நின்றபடியே கண் சொருகும்.

"ஆபரேஷன் முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு? சும்மா சோம்பேறித்தனம் லா," என்பார் நாத்தனார். என் கணவர் பக்கத்திலேயே இருப்பார். வாயைத் திறக்க மாட்டார்.

சுரப்பிக்குப் பதிலாகத் தினமும் போடும் தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டியும் ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் குறைவாகவே இருந்தது. குளிருக்கும் தூக்கத்துக்கும் காரணம் அதுதான். "மாத்திரைய எப்படிப் போடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

கணவர் பெருமையாகச் சொன்னார்: "காலையில நான்தான் டாக்டர் தே தாரேக் வாங்கிட்டு வந்து குடுப்பேன். அதோடதான் போடுவா."

"பால் டீயோட போட்டா மருந்து உடம்புல சரியா சேராது. வெறும் வயித்துல, தண்ணியோட போடணும். அரை மணி நேரம் கழிச்சுதான் டீ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் பேச்சு வாங்கியது ஒரு கப் டீயாலா!

மறுநாள் காலை மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினேன். பழக்கத்தில் அவர் தே தாரேக்கை நீட்டினார்.

"அரை மணி நேரம் இருக்கு. உங்க அக்காவுக்குப் போன் போட்டு, நான் சோம்பேறி இல்லேன்னு சொல்லுங்க."

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; அக்காவைக் கூப்பிடவே இல்லை. டீ ஆறிப்போனது.

என் ரத்தத்தில் என்ன குறைகிறது என்பதைப் பரிசோதனை சொல்லிவிட்டது. என் வீட்டில் என்ன குறைகிறது என்பதை அந்த அரை மணி நேரம் சொன்னது.